அவன் பாக்காதப்போ

இல்லக்கா, அந்தக் குழாயை நான் குத்தமாச் சொல்லல. நல்லா ஒழுகுதுன்னுதான் சொன்னேன். இருக்கட்டும் விடுங்க, பிளம்பரையெல்லாம் கூப்பிடாதீங்க. ஜன்னல் கொக்கி மாட்ட மாட்டேங்குதா? அதுவும் நல்லதுதான். இதுக்கு முன்னாடி ரெண்டு வீடு பாத்துட்டு வேணாம்னு வந்தேன். எல்லாம் புத்தம் புதுசு, ஒரு குறை சொல்ல வழியில்ல. அந்த மாதிரி வீட்டுல ஒரு மனுஷன் எப்படித்தான் பொழுத ஓட்டறது?

படியா? எனக்கு ரெண்டு மாடி ஏறினதுக்கே முட்டி கெஞ்சுது, உங்ககிட்ட என்ன மறைக்கறது. ஆனா படி இருக்கணும்க்கா. ஏறி எறங்கினா தொப்பை கொறையும். என்ன, என் வயித்தப் பாக்கறீங்க? எனக்கு இல்லதான். பொதுவாச் சொன்னேன்.

வாங்க, இந்த ஜன்னல் கட்டையில உக்காருவோம். பெட்டியெல்லாம் வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க கேக்க நெனைக்கறதக் கேட்டுடுங்க. அன்னிக்கு வீடு பாக்க வந்ததுலேருந்து உங்க மொகத்துல ஒரு கேள்வி தொங்கிக்கிட்டே இருக்கு. மாமியார் மருமக சண்டையா? அதானே?

சண்டை இல்லக்கா. எலக்ட்ரான்.

ஆமா, எலக்ட்ரான்தான். கரண்டுல ஓடுமே, அது. இப்படிப் பாக்காதீங்க, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. என் மருமக குவாண்டம் ஆராய்ச்சி பண்றா. வருஷக் கணக்காப் படிச்சுப் படிச்சு, இப்ப எல்லாத்தையும் எழுதி முடிக்கற எடத்துல வந்து நிக்கறா. இந்த வருஷக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கலன்னா பேர அடிச்சுடுவோம்னு காலேஜுல சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ஒரு தடவை தவணை வாங்கியாச்சு, இனிமே கெடையாது. பட்ட பாடு பூரா போயிடும். எங்க வீட்டுல இப்ப இருக்கற ஒரே விஷயம் இதுதான்க்கா. மத்ததெல்லாம் இதுக்குள்ளயே அடக்கம்.

எனக்கு எப்படித் தெரியுமா? அத ஏன் கேக்கறீங்க. அவளோட புரொஃபசர் சொன்னாராம், ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளுக்கு இதச் சொல்லிப் பாரு, அந்த ஆளுக்குப் புரிஞ்சா உனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்னு. அவ ஆளத் தேடி வெளியில எங்கயும் போகல. நேரா அடுப்படிக்கு வந்தா. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். அத்தை, உங்களுக்கு பிசிக்ஸ் தெரியுமான்னா. தெரியாதும்மான்னேன். கொஞ்சங்கூடவான்னா. கொஞ்சங்கூட இல்லன்னேன். அவ மொகத்துல வந்த சந்தோஷத்தப் பாக்கணுமே! கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கல.

அன்னிலேருந்து மத்தியானம் ஆனா கிளாஸுதான். அவ சொல்லுவா, நான் புரியலம்பேன். மறுபடியும் வேற மாதிரி சொல்லுவா, நான் இன்னும் புரியலம்பேன். சில நாள் புரிஞ்சாலும் புரியலன்னுதான் சொல்றது. ஆமா, சட்டுனு புரிஞ்சுடுச்சுன்னா அவ எந்திரிச்சுப் போயிடுவாளே.

நீங்களும் கேளுங்களேன், ஒண்ணும் குடிமுழுகிடாது. ஒரு சொவரு. அதுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை. அதுக்குப் பின்னாடி ஒரு திரை. இந்தப் பக்கத்துலேருந்து எலக்ட்ரானை ஒண்ணு ஒண்ணா விடறாங்க. ஒண்ணு போய்த் திரையில ஒட்டினதுக்கப்புறந்தான் அடுத்தது. திரையில என்ன தெரியும் சொல்லுங்க பாப்போம். அதேதான், நானும் அப்படித்தான் சொன்னேன், ஓட்டைக்கு நேரா ரெண்டு குவியல்னு. இல்லியாம்க்கா. வரி வரியா விழுதாம். கொளத்துல ரெண்டு கல்லப் போட்டா ரெண்டு அலையும் ஒண்ணோட ஒண்ணு மோதி வரி வரியா வருமே, அப்படி. ஏண்டி, தனியாப் போன ஒத்த எலக்ட்ரான் யாரோட போய் மோதும்னேன். அதான் அத்தை கேள்வியேன்னா. அது ஒத்தையாப் போயும் ரெண்டு ஓட்டையிலயும் போன மாதிரி நடந்துக்குதாம்.

சரி, எது வழியாப் போச்சுன்னு பாக்கறதுக்கு ஓட்டைகிட்ட ஒரு ஆள ஒக்கார வெக்க வேண்டியதுதானேன்னேன். வெச்சாங்க அத்தை, அதுக்குப் பேரு டிடெக்டர்னா. வெச்சாங்களாம். வெச்ச ஒடனே வரியெல்லாம் காணோம். ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நேரா ரெண்டு குவியல்! டிடெக்டரை எடுத்தா மறுபடியும் வரி. பாத்தா ஒரு மாதிரி, பாக்காட்டி ஒரு மாதிரி.

இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச, நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கேன்னேன். அவளுக்கு முதல்ல புரியல. அப்புறம் வாசல் பக்கம் திரும்பிப் பாத்தா. பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி. அன்னிலேருந்து எங்களுக்குள்ள அவனுக்கு அதான் பேரு. டிடெக்டர் வர்ற நேரமாச்சு அத்தைம்பா.

எம்புள்ளையத்தான்க்கா. தங்கமான புள்ள. குடி இல்ல, சீட்டாட்டம் இல்ல, சம்பளத்த அப்படியே கொண்டாந்து குடுத்துடுவான். பாட்டில் மூடி பண்ற கம்பெனியில செக்கிங் வேலை. பெல்ட்டுல மூடி ஓடிக்கிட்டே இருக்கும், இவன் ஒண்ண எடுப்பான், திருகிப் பாப்பான், வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பான், சரியில்லன்னா தொட்டியில போட்டுடுவான். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு மூடி வெளிய போனதில்லன்னு கம்பெனியில பேரு. என்ன ஒண்ணு, சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கறப்போ அந்தக் கண்ணக் கழட்டி வெச்சுட்டு எறங்க மாட்டேங்கறான். உள்ள வந்ததும் ஃபிரிட்ஜத் தெறப்பான். ஜாம் பாட்டில் மூடி கோணலா இருக்கும். அதக் கையில ஏந்திக்கிட்டு வந்து நடுக் கூடத்துல நிப்பான். இத யாரு மூடினதும்பான். கத்த மாட்டான்க்கா. கத்தினாத்தான் நாம திருப்பிக் கத்திடலாமே. மரியாதையாக் கேப்பான். பதில் வர்ற வரைக்கும் நிப்பான்.

அவன் இல்லாத பகல்ல எங்களப் பாக்கணும் நீங்க. யாரு மாமியா யாரு மருமகள்னு சொல்ல மாட்டீங்க. ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு, கால நாற்காலி மேல போட்டுக்கிட்டு, அவ கணக்க வாய் விட்டுப் படிப்பா, நான் ஊடால ஊடால ஆமா போடுவேன். சமையலு யாரு பண்ணதுன்னு கேட்டா எங்களுக்கே தெரியாது. அவ ஒரு கை, நான் ஒரு கை. உப்பு ரெண்டு பேரும் போட்டிருப்போம், இல்லன்னா ரெண்டு பேரும் போட்டிருக்க மாட்டோம். வரி வரியா ஓடும்க்கா எங்க வீடு. வாசல்ல அவன் செருப்புச் சத்தம் கேக்கும். அவ்வளவுதான், நேரா ரெண்டு குவியல். அங்க ஒரு மருமக, இங்க ஒரு மாமியா.

என்னது? ஒரு அடுப்படியில ரெண்டு பொம்பள ஆகாதா? அதுவும் அந்தப் படிப்புல இருக்குக்கா, நான் கேட்டுட்டேன்! ரெண்டு எலக்ட்ரான் ஒரே எடத்துல ஒரே நெலமையில இருக்கவே கூடாதாம், சட்டமே இருக்காம். ஆனா ஒண்ணோட சுத்து மேல பாத்தும் இன்னொண்ணோட சுத்து கீழ பாத்தும் இருந்தா, ரெண்டும் ஒரே எடத்துல ஜாலியாக் குடித்தனம் பண்ணலாமாம். நாங்க அந்த ரகம். அவ டீ, நான் காபி. அவ எதையும் எடுத்த எடத்துல வெக்க மாட்டா, நான் வெச்ச எடத்த மறந்துடுவேன். இதுல சண்டைக்கு வழி எங்க?

பால் பொங்கினதுலதான் வந்துச்சு. ஒரு சாயங்காலம். அடுப்புல பால் இருக்கு. அவ ஏதோ சூடாச் சொல்லிக்கிட்டு இருக்கா, நான் விடாம எதிர்க்கேள்வி போட்டுக்கிட்டு இருக்கேன். பொங்கி, வழிஞ்சு, அடுப்பு அணைஞ்சு, ரெண்டு பேரும் அலறி அடிச்சு ஓடி, துணியப் போட்டுத் தொடச்சு, சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலியோட நிக்கறோம். அப்பப் பாத்து உள்ள வந்தான். அடுப்பப் பாத்தான். பால யாரு விட்டதுன்னு கேட்டான்.

அவ சொன்னா, அத்தைதான் அடுப்புல வெச்சாங்க. நான் சொன்னேன், அவதான் பாத்துக்கறேன்னா.

பாத்தீங்களா? ரெண்டும் நெசந்தான். ஆனா சொன்ன ஒடனே ரெண்டு பேர் மொகமும் சுருங்கிப் போச்சு. என்னப் போய்க் காட்டிக் குடுத்துட்டாளேன்னு எனக்கு. நம்ம மேலயே போட்டுட்டாங்களேன்னு அவளுக்கு. அப்புறம் ரெண்டு நாள் பேச்சு வார்த்தை கெடையாது. எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் பாத்திரத்த வெக்கற சத்தத்துலயே சொன்னேன். அவ கதவச் சாத்தற சத்தத்துல பதில் சொன்னா. கிளாஸும் கெடையாது, எழுத்தும் கெடையாது. ரெண்டு நாள் ஒரு வரி எழுதல அவ. போற நாளு போயிக்கிட்டே இருக்கு.

மூணாவது நாள் நானே போனேன். கௌரவம் பாத்தாக் கதை நடக்குமா? போய், எலக்ட்ரானப் பத்தி எனக்கு ஒரு விஷயம் தோணுச்சும்மான்னேன். நெசமாவே தோணுச்சுக்கா. நான் வேலைக்குப் போன காலம் பூரா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே கழுவற இருட்டு ரூமுலதான். ஃபிலிம மருந்துல போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்கணும். புதுசா வந்த ஒருத்தி, படம் விழுந்துச்சான்னு பாக்கலாமேன்னு லைட்டப் போட்டுட்டா. மொத்த ஃபிலிமும் கறுத்துப் போச்சு. யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனோட ஒடஞ்ச கால், போயே போச்சு. அது மாதிரிதானே, பாக்கப் போனா கெட்டுப் போயிடுதுன்னேன். எனக்கு என் மேலயே ஒரு பெருமை.

இல்ல அத்தைன்னுட்டா. பட்டுனு. பேசாத ரெண்டு நாள் கோவத்தையும் சேத்து இல்லன்னா. உங்க ஃபிலிம்ல ஒடஞ்ச கால் முன்னாடியே இருந்துச்சு, வெளிச்சம் பட்டு அழிஞ்சது. இது அப்படியில்ல. பாக்கறதுக்கு முன்னாடி, எந்த ஓட்டை வழியாப் போச்சுங்கற விஷயமே அங்க கெடையாது. ஒளிஞ்சுக்கிட்டு இருந்து, பாக்கும்போது மாட்டிக்கல. பாக்கும்போதுதான் அது உண்டாகவே ஆகுதுன்னா. அப்படித்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னேன். இல்ல, நெறைய பேரு அப்படிச் சொல்றாங்க, சில பேரு வேற சொல்றாங்க, பெரிய பெரிய ஆளுங்க இன்னும் அடிச்சுக்கறாங்கன்னா. அதக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. நம்ம வீடு பரவாயில்லன்னு.

ஆனா அந்தப் பேச்சு என்ன விடல. துணி காயப் போடறப்பவும் அதேதான், மடிக்கறப்பவும் அதேதான். பால யாரு விட்டதுன்னு அவன் கேக்கறதுக்கு முன்னாடி, யாரோ ஒருத்தர் விட்டாங்கங்கற விஷயம் எங்கயாவது ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சா? இல்லியே. பால் பொங்குச்சு, அவ்வளவுதானே நடந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுல்ல நின்னோம். அவன் கேட்டான் பாருங்க, அந்த நிமிஷந்தான் அங்க ரெண்டு குத்தவாளி மொளச்சாங்க. உலகமே நம்ம அடுப்படி மாதிரிதான் ஓடுதான்னு நெனச்சேன், பயமாவும் இருந்துச்சு, சிரிப்பாவும் வந்துச்சு.

அய்யோ, கேக்கறதே தப்புன்னு நான் சொல்ல வரலக்கா. மூடிய அப்படித்தான் கேக்கணும். மூடி மனசு நோகாது. ஆனா எழுதற பொண்ணக் கேக்கலாமா? தெனமும் வந்ததும், இன்னிக்கு எத்தனை பக்கம்பான். அன்பாத்தான் கேக்கறான், அதுல சந்தேகமில்ல. அவளுக்குப் பேரு போயிடுமோன்னு அவளவிட இவனுக்குத்தான் பயம். ஆனா பகல்ல அவ்வளவு அழகாச் சொல்ற பொண்ணு, சாயங்காலம் ஆக ஆக கடியாரத்தையே பாப்பா. எழுதினதத் தானே படிப்பா, இது பத்தாதும்பா, அழிப்பா. அவன் வர்றதுக்கும் பக்கம் காலியாகறதுக்கும் சரியா இருக்கும். ஒரு நாள் அழிக்காம வெச்சிருந்ததப் படிச்சுட்டு, இங்க ஒரு கமா விட்டுட்டியேன்னான். குவாண்டத்துல கமா! நான் கரண்டியோட எந்திரிச்சுட்டேன்.

சொல்லாமலா இருப்பேன்? கூப்பிட்டு ஒக்கார வெச்சு, அப்பா, இனிமே நீ ஒண்ணும் கேக்காதடான்னேன். சரிம்மா, கேக்கலன்னான். சொன்ன சொல்லு தவற மாட்டான் எம்புள்ள. மறு நாள்லேருந்து ஒரு வார்த்தை கேக்கல. நாற்காலிய அவ மேஜைக்கு எதுக்கப் போட்டுக்கிட்டு, கைய மடியில வெச்சுக்கிட்டு, கேக்காமப் பாத்தான். அது அதவிட மோசம்க்கா.

போன வாரம் பாக்கறேன், அவ பெட்டியில துணி அடுக்கிக்கிட்டு இருக்கா. காலேஜு ஹாஸ்டல்ல எடம் கேட்டிருக்கேன் அத்தை, முடிச்சுட்டு வந்துடறேன்னா. என் கண்ணப் பாத்துச் சொல்லல. ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு ரூமுக்கு நாலு பேரு, கட்டில்தான் மேஜை. அங்க போய் எழுதுவாளா, அழுவாளா? அது மட்டுமில்லக்கா. கோவிச்சுக்கிட்டுப் போறவங்க திரும்பி வருவாங்க. இவ கோவப்படல. அமைதியா மடிக்கறா. அப்படி மடிச்சு எடுத்துக்கிட்டுப் போறவங்க வர மாட்டாங்க.

பெட்டியப் புடுங்கி, துணியெல்லாம் அவ கட்டில்ல கொட்டிட்டு, காலிப் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு நாள் பொறு, நான் பாத்துக்கறேன்னேன். மறு நாளே உங்க கதவத் தட்டினேன்.

இப்பப் புரியுதா? என்ன புரியுது, சொல்லுங்க. நீங்க நெனைக்கறது தெரியுது. பாவம், மருமக படிக்கணும்னு இந்தம்மா தன் வீட்ட விட்டே வருதேன்னு கண்ணு கலங்கறீங்க. கலங்காதீங்கக்கா. நான் அவ்வளவு நல்லவ கெடையாது.

அதோ ஹாரன். அவன்தான். கம்பெனி ஃபிரெண்டோட வேன எடுத்துட்டு வந்திருக்கான். இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. பெட்டி கனம், நான்தான் கட்டினேன். நடு நடுவுல நிறுத்திக் கண்ணத் தொடைக்கறான் பாருங்க. வேனுலயே அழுதிருப்பான். தனி வீடு பாத்திருக்கேன், ஞாயித்துக்கிழமை பெட்டிய ஏத்தணும்னு சாப்பிடறப்போ சொன்னதுலேருந்து இப்படித்தான். அவ ஏதாவது சொன்னாளாம்மா, நான் ஏதாவது பண்ணேனா, தண்ணி வருமா, வெளிச்சம் இருக்கா, எத்தனாவது மாடி, எல்லாம் கேட்டான். யாருக்கு வீடுன்னு மட்டும் கேக்கல. எல்லாத்தையும் கேக்கற புள்ள.

சாவிய எங்கிட்ட நீட்டறீங்களே? மேல வரட்டும், அவங்கிட்டயே குடுங்க. அவன்தானே இருக்கப் போறான்.

ஆமாக்கா. பெட்டியில இருக்கறதெல்லாம் அவன் சட்டைதான். இஸ்திரிப் பெட்டி, ஷேவிங் சாமான், ரெண்டு போர்வை. அவ போனாத் திரும்பி வர மாட்டா. இவன் போனா சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துடுவான். யாரப் போகச் சொல்லணும், நீங்களே சொல்லுங்க. அவ எழுதிக் குடுக்கற வரைக்குந்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும், எதையும் தெறந்து பாக்காம.

தனி ஆம்பளைக்கு வீடு இல்லன்னு போர்டு போட்டிருக்கீங்க, படிச்சேன். தனி ஆம்பளைன்னு எப்படிச் சொல்வீங்க? கல்யாணமான புள்ள. பொண்டாட்டி இருக்கா, தெனமும் போன்ல பேசுவான். குடும்பஸ்தன்னு எழுதினாலும் சரி, தனி ஆளுன்னு எழுதினாலும் சரி, இப்போதைக்கு ரெண்டும்தான். சத்தம் போட மாட்டான். உங்க வீட்டுல ஆடற கதவு, கோணல் கொக்கி ஒண்ணு மிச்சம் இருக்காது, ஒரே மாசத்துல பாருங்க.

அவளுக்குத் தெரியுமான்னா கேக்கறீங்க? வேணாம்க்கா, கேக்காதீங்க. கேட்டா ஏதாவது ஒரு பதில் வந்துடும். நான் கெளம்பி வர்றப்போ மேஜையில ஒக்காந்து எழுதிக்கிட்டு இருந்தா. தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா அந்த முதுகு.

ம்ம், வந்துட்டான். வாப்பா. மெதுவா, மெதுவா. செவுத்துல இடிக்காம. எப்படி மூச்சு வாங்குது பாரு. அழாதடா, அம்மா எங்கயும் போகல. பெட்டிய அங்க அந்த மூலையில வை. இவங்கதான் உன் ஓனரம்மா. வணக்கம் சொல்லு.